ரக்காயா ஆற்றின் மூத்த படகோட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தில் ஒரு சால்மன் மீனைத் தூண்டிலில் பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். அந்த மீனைத் தேடிச் சொந்த ஜெட் படகை ஆற்றில் பறக்கவிட எந்த உரிமமும் வேண்டாம். சென்ற கோடையில் பழைய படகொன்றை வாங்கிய எனக்குச் சாவியோடு கிடைத்த பயிற்சி பத்தே நிமிடம்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, ஒரு வளைவைத் தாண்டியதும் முழங்கால் நீரில் ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கார் ஓட்டிப் பழகிய புத்தி; பயந்தவுடன் விசையை முழுக்கக் குறைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். படகு திரும்பவில்லை. ஜெட் படகுக்கு நீருக்கடியில் சுக்கான் கிடையாது. அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் நீரை இடமும் வலமுமாகத் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். பீய்ச்சல் ஓய்ந்தால் ஸ்டியரிங் வெறும் வளையம். படகு நேராகப் போய்க் கற்திட்டில் ஏறி நின்றது. அவருக்கும் படகுக்கும் இடையே பத்தடி இருக்கும்.

அவர் திட்டவில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்து, "பயந்தால் விசையை விடாதே தம்பி, கொடுத்துத் திருப்பு" என்றார். படகைத் தள்ளி இறக்கிய பிறகு ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்து பேசினார். ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழத்தைவிட ஆழமின்மைதான் ஆபத்து. வேகமாகப் போகும் படகு நீர்மேல் எழும்பிச் சில அங்குல நீரிலும் வழுக்கிக்கொண்டு போகும். மேடு வருகிறதே என்று பயந்து வேகத்தைக் குறைத்தால் அடிப்பாகம் அமிழ்ந்து, உறிஞ்சும் வாய் கூழாங்கற்களை அள்ளிக்கொள்ளும். வழவழப்பான நீர் நாக்குப்போல் ஆறு ஓடும் திசையில் கூர்ந்தால் அது வழி; கூர்முனை ஓட்டத்துக்கு எதிராக இருந்தால் அங்கே கல்லோ மூழ்கிய மரமோ இருக்கிறது. சட்டென நிறுத்தினால் படகின் சொந்த அலையே பின்புறமாக ஏறி உள்ளே கொட்டும். நங்கூரத்தை முன்பக்கத்தில் மட்டுமே கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் நீரோட்டம் படகையே மூழ்கடித்துவிடும். வலப்பக்கமாகவே ஓட்ட வேண்டும், மேல்நோக்கிப் போகிறவர் கீழே வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பவை சட்டத்திலேயே இருக்கின்றன. அதையும் அன்றுதான் அறிந்தேன்!

ஆழமில்லாத இந்தச் சல்லிக்கல் ஆறுகளுக்காகத்தான் 1950களில் ஐரிஷ்மேன் கிரீக் பண்ணையில் பில் ஹாமில்டன் இந்தப் படகை உருவாக்கினார். அன்றுமுதல் இந்த வித்தை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, படகுக்குள்ளேயே கைமாறி வந்திருக்கிறது. என்னைப்போல் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த அப்பா இல்லை. மீனும் குறைந்துவிட்டது, 2021-22 பருவத்தில் ஆளுக்கு இரண்டு சால்மன் என வரம்பே வைத்தார்கள். மீன் குறைந்தால் அவசரமும் குறையும் என்று நினைத்தேன். ஒரு மடு வெறுமையாக இருந்தால் அடுத்த மடுவுக்குப் பாய்கிறோம். என் கண்ணில் பட்டவரை அவசரம் கூடத்தான் செய்திருக்கிறது.

புதுச் சட்டம் கேட்டு இதை எழுதவில்லை. மீன் கடலிலிருந்து ஆற்றில் பெருமளவில் ஏறத் தொடங்கும் முன், டிசம்பரில் ஒரு சனிக்கிழமையை எங்களுக்குத் தாருங்கள். தூண்டில் வேண்டாம். கற்திட்டில் பறவைகள் முட்டையிடாத, அகலமான ஓரிடம் போதும். விசையோடு திருப்புவதையும், வளைவுக்கு முன்பே நீரில் நிற்கும் மனிதரைத் தேடுவதையும் கை பழகும்வரை செய்யவையுங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டாதவரைப் படகில் ஏற்றாதீர்கள். தெற்கு ஆல்ப்ஸ் மலையில் மழை கொட்டியபின் ஒருமுறை அழைத்துப்போய், போன வாரத்து வழி எங்கே காணாமல் போனது என்று காட்டினால் இன்னும் நல்லது.

பயிற்சிக்கு என் படகைக் கொண்டுவருகிறேன். அடித்தகட்டில் அன்று விழுந்த பள்ளத்தை இன்னும் நிமிர்த்தவில்லை, புதியவர்களுக்குக் காட்டலாம்.

இப்படிக்கு,
கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு புதுப் படகோட்டி