சுவரில் உரசிப் பற்றிய தீக்குச்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் வாரச் சிறுவர் பக்கத்தில் நீங்கள் போட்டிருந்த தீக்குச்சிச் சிறுமி கதையை, மகள் வயிற்றுப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் எனக்கு நாக்கு நின்றுவிட்டது. தெருவில் தீக்குச்சி விற்றுக்கொண்டு குளிரில் நடுங்கும் அந்தப் பெண்ணை, வண்டியில் வந்த ஒரு பணக்கார அம்மாள் தூக்கிக்கொண்டு போய் வளர்த்ததாக முடித்திருக்கிறீர்கள். மேலே டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பெயர் கொட்டை எழுத்தில். 'தழுவல்' என்ற ஒரு சொல்லைத் தேடினேன், இல்லை.

1845-ல் ஆண்டர்சன் எழுதிய கதையில் எந்த அம்மாளும் வரவில்லை. வருடத்தின் கடைசி ராத்திரி நடக்கும் கதை அது. விடிந்ததும் அந்தப் பெண் இரண்டு வீடுகளுக்கு நடுவே மூலையில் விறைத்துக் கிடக்கிறாள். கன்னம் சிவந்திருக்கிறது, உதட்டில் சிரிப்பு, கையில் எரிந்து தீர்ந்த குச்சிக்கட்டு. குளிர்காயப் பார்த்திருக்கிறாள் என்று பார்த்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் தயங்கியிருந்தால், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அடிக்கும் அப்பாவை அப்படியே வைத்திருக்கிறீர்கள். அவள் காலிலிருந்து கழன்ற அம்மாவின் செருப்பில் ஒன்றை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிறானே, எனக்குப் பிள்ளை பிறந்தால் தொட்டிலாக வைத்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டு, அவனையும் விட்டுவைத்திருக்கிறீர்கள். எடுத்துப் போட்டது பாட்டியைத்தான்! அந்தப் பெண்ணிடம் அன்பாக இருந்த ஒரே ஜீவன் செத்துப்போன அவள் பாட்டி. தீக்குச்சி வெளிச்சத்தில் வந்து நிற்கிற அந்தக் கிழவி அணைந்து போய்விடக் கூடாது என்றுதான் அவள் மிச்சக் குச்சி அத்தனையையும் ஒன்றாக உரசுகிறாள். அந்த இடத்தில் கதை வேறு எங்கோ போய்விடுகிறது. அதை ஒரு பணக்கார அம்மாளுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் ஒரு பாட்டி என்பதால் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவைப் பற்றிப் பேத்தி கேட்கவில்லை, உங்கள் முடிவில்தான் சாவே இல்லையே. அவள் கேட்டது, "சுவத்துல உரசினா எப்படி அம்மாச்சி பத்தும்?" சாத்தூர்க்காரப் பிள்ளை இல்லையா. நானும் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டி ஒட்டியவள்தான். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். இப்போதைய குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது, பெட்டியின் பக்கவாட்டுப் பூச்சில்தான் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. ஆண்டர்சன் காலத்துக் குச்சியின் தலையிலேயே வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது, சொரசொரப்பான எந்தச் சுவரிலும் பற்றிக்கொள்ளும். அதன் புகை பட்டுப் பட்டு, குச்சி செய்கிற ஆட்களின் தாடை எலும்பு அழுகிப்போனது. வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியதும் இதே 1845-ல்தான். கதையில் இதெல்லாம் வராது. ஆனாலும் அவள் சுவரில் குச்சியை உரசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாடைகள் ஞாபகம் வரும்.

கதை பிறந்த விதமும் விசித்திரம்தான். பஞ்சாங்கம் மாதிரி ஒன்றை வெளியிட்டவர் மூன்று படங்களை அனுப்பி, ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தாருங்கள் என்று கேட்கிறார். ஆண்டர்சன் அப்போது கிரோஸ்டென் என்ற ஊரில் பிரபு ஒருவரின் கோட்டையில் விருந்தாளி. தீக்குச்சி வைத்திருக்கும் ஏழைச் சிறுமியின் படத்தை எடுத்துக்கொள்கிறார். அவருடைய அம்மா ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோது பிச்சையெடுத்து வா என்று பெற்றவர்களே விரட்ட, கேட்க வாய் வராமல் ஓடென்ஸ் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் பகல் முழுக்க உட்கார்ந்து அழுதாராம். தன் வரலாற்றில் ஆண்டர்சனே எழுதியிருக்கிறார்.

சாவுதான் பிரச்சினை என்றால், இவரே 1844 டிசம்பரில் வெளியிட்ட தேவதாரு மரத்தின் கதையை என்ன செய்வீர்கள்? எப்போது பெரிதாவோம் என்று ஏங்கிய மரம் வெட்டுப்படுகிறது, ஒரே ஒரு ராத்திரி மெழுகுவர்த்தியும் பொம்மையுமாக ஜொலிக்கிறது. அப்புறம் பரணில் எலிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு கிடந்து, கடைசியில் துண்டு துண்டாக அடுப்புக்குப் போகிறது. மரம் என்பதால் இதன் முடிவில் யாரும் கை வைப்பதில்லை போலிருக்கிறது.

அதே 1844 கிறிஸ்துமஸுக்கு, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற மருத்துவர் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் தேடிக் கடைகளில் அலைகிறார். ஒன்றும் பிடிக்காமல் வெற்று நோட்டு வாங்கி வந்து, தானே படம் போட்டுப் பாட்டு எழுதுகிறார். அந்தப் புத்தகத்தில், விரல் சூப்புகிற பையனின் இரண்டு கட்டைவிரலையும் தையற்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் போகிறார். தீக்குச்சியோடு விளையாடிய பெண் எரிந்தே போகிறாள். சாம்பலும் அவளுடைய செருப்பும் மட்டும் மிச்சம், பக்கத்தில் இரண்டு பூனைகள் அழுகின்றன. ஆண்டர்சனின் பெண்ணுக்குக் காலில் செருப்பு இல்லை, இவளுக்குச் செருப்பைத் தவிர ஒன்றும் இல்லை. இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் நான் பேத்திக்கு வாசிக்கமாட்டேன். பிள்ளையை மிரட்டி வழிக்குக் கொண்டுவருகிற கதை அது. தீக்குச்சிச் சிறுமி எந்தப் பிள்ளையையும் மிரட்டவில்லை. நாள் முழுக்க ஒரு கட்டுக்கூட வாங்காமல் கடந்து போன பெரியவர்கள்தான் அதில் தலைகுனிய வேண்டும். உங்கள் பணக்கார அம்மாள் வந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டார்.

சரி, மூல முடிவைப் பேத்திக்கு நானே சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவங்கப்பா அடிக்க முடியாதுல்ல?" என்றாள்.

இன்னொன்று. சிறுமிக்குப் பசியில் தெரிகிற வறுத்த வாத்தை நீங்கள் கேக் ஆக்கியிருக்கிறீர்கள். ஆப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் அடைத்த அந்த வாத்து, முதுகில் குத்திய கத்தியோடும் முட்கரண்டியோடும் தட்டிலிருந்து குதித்து, தரையில் ஆடி ஆடி அவளை நோக்கி நடந்து வரும். பேத்தி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள், படமும் வரைந்தாள். முட்கரண்டிக்கு ஐந்து முள் போட்டிருக்கிறாள். கடிதத்தோடு இணைத்திருக்கிறேன், சிறுவர் பக்கத்தில் இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாத்தூர்.