மலைய ஆய்வு பண்ணவும் காசு ஒதுக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டசபைல கனிமவளத் துறை மானியக் கோரிக்கை வந்தாலே பேச்சு பூரா குவாரி ஏலம், மணல் கடத்தல், வசூல் எவ்ளோன்னுதான் போகுது. மண்சரிவு எங்க வரும்னு மலைய ஆய்வு பண்ண எவ்ளோ ஒதுக்குறீங்க, ஜியாலஜிஸ்ட் போஸ்ட் எத்தன காலியா கிடக்குதுன்னு கேக்குற குரல் என் காதுல பெருசா விழல. மலைல இருக்குற எங்களுக்கு அதுதாங்க உயிர்ப் பிரச்சன.

மத்திய அரசோட ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கே, மாநிலம் எதுக்கு தனியா செலவு பண்ணணும்னு கேக்குறாங்க. ஜிஎஸ்ஐ 2014ல ஆரம்பிச்ச நிலச்சரிவு மேப் நல்ல வேலைதான், குறை சொல்லல. ஆனா அது 1:50,000 அளவு, மேப்ல ஒரு சென்டிமீட்டர்னா தரைல அரை கிலோமீட்டர். குன்னூர்ல அரை கிலோமீட்டருக்குள்ள ஒரு லைன் வீடு, ஸ்கூல், ஓடை, நாலு வளைவு ரோடு எல்லாமே அடங்கிடும், இதுல எந்த வீட்டுக்குப் பின்னாடி மண்ணு வரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்க மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ பாறை மக்கிப்போன களிமண்ணு, வெள்ளையும் மஞ்சளுமா பிசைஞ்சா வழுக்கும், அதுக்கும் கீழதான் கெட்டிப் பாறை. விடாம மழை பேஞ்சா தண்ணி செம்மண்ல இறங்கி களிமண்ணு மேல தேங்கிடும், அப்புறம் பாரம் தாங்காம மேல இருக்குறது மொத்தமா கழண்டு வரும், அதுலயும் வீடு கட்ட ஜேசிபி வச்சு சரிவ செங்குத்தா வெட்டி வச்சிருந்தா கேக்கவே வேணாம். களிமண்ணு எத்தன அடில இருக்குன்னு இடத்துக்கு இடம் மாறும், போர் போட்டுப் பாத்தாதான் தெரியும். அதுக்குத்தான் காசு கேக்குறோம். எங்க ஊர்ல ஒரு தோட்டத்துக்கு மேல சில்வர் ஓக் மரம் வரிசையா சாஞ்சு நிக்குது, அடில கை நுழையுற அளவு விரிசல். அதிகாரிங்க கிட்ட சொன்னா மழைக்காலத்துல வீட்ட காலி பண்ணுங்கன்றாங்க, அவ்ளோதான்.

2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் பக்கம் நடந்த மண்சரிவுல மாவட்டத்துல 40 பேருக்கு மேல செத்தாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. 2024 ஜூலைல வயநாட்டு நிலச்சரிவுல முண்டக்கை, சூரல்மலை போச்சு, அது எங்க பந்தலூருக்கு அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் நிவாரணத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் பணம் வருது, வரணும்தான், ஆனா செத்தப்புறம் குடுக்குறதுல கொஞ்சம் முன்னாடியே குடுத்தா என்ன?

காசு இல்லன்னும் சொல்ல முடியாது. கனிம நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, அதே வருஷம் டிசம்பர்ல நம்ம சட்டசபை தனிச் சட்டமே போட்டுச்சு. அந்த வரில ஒரு பங்க நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஊர் ஊரா 1:5,000 அளவுல மேப் போடன்னே எழுதி வைக்கணும், போட்ட மேப்ப தமிழ்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டணும். ஊட்டி, குன்னூர், கூடலூர், பழனி எம்எல்ஏக்கள் கட்சி பாக்காம அடுத்த மானியக் கோரிக்கைல சேந்து எழுந்து இதக் கேக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு டீ விவசாயி, கேத்தி, நீலகிரி