ஞாயிறு தையல் வகுப்பில் ஒரு மாற்றம்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணி தையல் வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் மிஷினைத் தொடப் போவதில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா வருகிறார், ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். போன வாரம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த தங்கை ஒருத்தி, துணியைப் பிடித்தபடியே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டாள். காலையில் குடித்தது வெறும் டீ. பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இந்த நிலைதான். நாளைக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கப் போகிற பிள்ளைகள், உடம்பில் தெம்பில்லாமல் எப்படித் தாக்குப்பிடிப்பார்கள்?

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். டீ, காபியோடு போட வேண்டாம். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டியதில்லை. மாதவிடாய்ச் சந்தேகங்களையும் கூச்சமின்றிக் கேட்கலாம், அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்புறம், வேடசந்தூர் பக்கம் மில் ஹாஸ்டலிலிருந்து வரும் இரண்டு பேரைத் திரும்ப பஸ் ஏற்றிவிட ஆள் வேண்டும். முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள். பிள்ளைகளைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். சாப்பிடாமல் வந்தாலும் சரி, இட்லி இருக்கும்.