நாலரைக்கு எந்திரிக்கிற அம்மாவுக்கு அஞ்சு மணி அட்வைஸ் எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வருஷத்துல பாதி போயிருச்சு, உங்க இலக்கு என்னாச்சுன்னு கேட்டு போன ஞாயிறு உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சே, அத துணி மடிச்சுக்கிட்டே படிச்சேன். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிங்க, ஒரு மணி நேரத்த உங்களுக்குன்னு ஒதுக்குங்கன்னு போட்டிருந்தாங்க. ஐயா, நான் எந்திரிக்கிறதே நாலரைக்கு. அஞ்சு மணிக்கு எங்க வீட்டுல சோறு கொதிச்சுக்கிட்டு இருக்கும், மூணு பிள்ளைங்களுக்கும் பசியாற ஏதாவது செஞ்சு டப்பால கட்டி வச்சு, கடைசி உள்ளவன எழுப்பி விட்டு (அவன எழுப்புறதே ஒரு ஷிஃப்ட் வேலை), ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ்ஸ புடிக்கணும், அதுக்கப்புறம் ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் மாமியார் பாத்துக்குவாங்க. வீட்டுக்காரர் லாரி ஓட்டுறாரு, ஜொகூர் பக்கம் லோடு போச்சுன்னா மூணு நாளைக்கு ஆளப் பாக்க முடியாது. கட்டுரை எழுதினவங்க மேல கோவம் இல்ல, நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க. ஆனா அந்த ஒரு மணி நேரத்த எங்க இருந்து எடுக்கச் சொல்றாங்கன்னுதான் புரியல.

நானும் இலக்கு எழுதினவதான். ஜனவரி ஒண்ணாந்தேதி ராத்திரி, பெரியவளோட பழைய நோட்டுல கடைசிப் பக்கத்துல ஒம்பது எழுதினேன். பெரியவ கணக்குல ஏ எடுக்கணும், நடுவுள்ளவ மலாய் புஸ்தகம் திக்காம வாசிக்கணும், சின்னவன் ஃபோன் பாக்கறத விடணும், தாப்பாவ் (கடைச் சாப்பாடு) வாங்கறத நிறுத்தி மாசம் 300 வெள்ளி (ரிங்கிட்) சேக்கணும், தீபாவளிக்குள்ள வீட்டுக்கு சாயம் அடிக்கணும், தினம் நடக்கணும், பத்து கிலோ கொறைக்கணும், பிள்ளைங்ககிட்ட கத்தக் கூடாது, காடி (கார்) லைசன் எடுக்கணும். கத்தக் கூடாதுங்கறது மறுநாள் காலையிலயே போச்சு. இந்த வருஷம் ஸ்கூலும் பழையபடி ஜனவரிக்கே வந்துருச்சா, யூனிஃபார்ம், சப்பாத்து, பேக்குன்னு கையில இருந்ததெல்லாம் கரைஞ்சுருச்சு, 300 வெள்ளி கணக்கு அதோட முடிஞ்சது. நாலு நாள் நடந்தேன், அஞ்சாம் நாள் மழை, ஆறாம் நாள் ஓட்டி (ஓவர்டைம்). பிப்ரவரி 1 தைப்பூசத்தன்னைக்கு பால்குடத்துக்கு லைன்ல நிக்கிறப்பதான் அந்த நோட்டு ஞாபகம் வந்துச்சு, ஒம்பதுல ஒண்ணு கூட உசுரோட இல்ல.

மார்ச்சுல ஒரு நாள் பெரியவ (படிவம் ரெண்டு படிக்கிறா) அந்த நோட்ட கையில வச்சுக்கிட்டு வந்து, "ம்மா, கணக்குல ஏ எடுக்க வேண்டியது நான், அது எப்படி உங்க லிஸ்ட்ல வந்துச்சு?"ன்னு கேட்டா. மொதல்ல எனக்கு சுருக்குன்னு வந்துச்சு, வாய்க்கு வாய் பேசுறியான்னு சத்தம் கூட போட்டேன். அப்புறம் பாத்திரம் வெளக்குறப்ப யோசிச்சா அவ சொன்னது சரிதான். ஒம்பதுல மூணு பிள்ளைங்க செய்ய வேண்டியது, சாயம் அடிக்கிறது வீட்டுக்காரர் ஊர்ல இருந்தாதான் நடக்கும், பத்து கிலோ நான் சொன்னா கேக்குமா. நானே கையக் கால ஆட்டி முடிக்கக் கூடியதுன்னு பாத்தா ரொம்பக் கொஞ்சம். அன்னைக்கு ராத்திரியே எட்டுத்தையும் அடிச்சுட்டு காடி லைசன மட்டும் விட்டு வச்சேன்.

லைசன் ஏன்னா, எங்க வீட்டுல ஒரு பழைய கன்சில் காடி இருக்கு. வீட்டுக்காரர் இல்லாதப்ப அது போர்ச்ல சும்மா நிக்கும், நான் மழையில மோட்டர் சைக்கிள்ல பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு போவேன். போன வருஷம் ஒரு ராத்திரி சின்னவனுக்கு காய்ச்சல் நெருப்பா கொதிக்குது, வெளிய அடை மழை, காடி சாவி என் கையில இருக்கு, நான் பக்கத்து வீட்டு அண்ணன் வேலை முடிஞ்சு வரட்டும்னு வாசல்ல நிக்கிறேன். அந்த முக்கா மணி நேரத்த நான் மறக்கல.

ஆனா இந்தத் தடவ உடனே போயி பணம் கட்டல. ஒரு வாரம் என் நேரம் எங்கெங்க போகுதுன்னு கேலண்டர் பின்பக்கம் எழுதி வச்சேன். காலைல பஸ்ல தூங்கிருவேன், அத தொட முடியாது. சாயங்காலம் திரும்பி வர்றப்ப ஒரு அரை மணி நேரம் முழிச்சுக்கிட்டு ஜன்னல பாத்துக்கிட்டு வர்றேன். புதன்கிழமை பெரியவ டியூஷன் முடியற வரைக்கும் மோட்டர் மேல உக்காந்து கொசு அடிக்கிறேன். அவ்வளவுதான் என் சொத்து. லைசனுக்கு மொதல்ல பாஸ் பண்ண வேண்டிய உண்டாங் (சாலை விதி) டெஸ்ட்ல 50 கேள்வி, 42 சரியா போட்டா பாஸ். சரி, திரும்பி வர்ற பஸ்ல ஒரு நாளைக்கு பத்து கேள்வி, ஓட்டி இருக்கற நாள்ல கிடையாது, விட்டுப் போனத மறுநாள் சேத்துப் படிக்கிறதும் கிடையாதுன்னு முடிவு பண்ணேன். இந்த கடைசி ரூல்தான் என்னைக் காப்பாத்துச்சு, ஏன்னா ஜனவரில ஒரு நாள் நடக்காம விட்டதுக்கு மறுநாள் ரெண்டு மடங்கு நடக்கணும்னு நெனச்சுத்தான் மொத்தமா விட்டேன். பஸ்ல மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் பின் சீட்டு அக்காவே ஃபோன வாங்கி கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. 44 எடுத்தேன்லா.

எங்க தாத்தா தோட்டத்துல பால்மரம் (ரப்பர்) வெட்டுனவரு. 1960ல பெரிய தோட்டங்கள துண்டு துண்டா வித்த தோட்டத் துண்டாடல் சமயத்துல, அப்ப அமைச்சரா இருந்த எங்க ஊர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டம் தோட்டமா போயி ஆள் சேத்தப்ப, ஒரு பங்கு 100 வெள்ளிய மாசம் பத்து பத்து வெள்ளியா கட்டச் சொன்னாங்க. தாத்தாவும் கட்டுனாராம். மொத்தமா நூறு கேட்டிருந்தா எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) ஒருத்தன் கையெழுத்து போட்டிருக்க மாட்டான்னு அப்பா சொல்லுவாரு. அந்தப் பத்து வெள்ளிய வச்சு தோட்டமே வாங்கிக் காட்டுனாங்க. வெட்டுக்காரன் சட்டப்பையில என்ன இருக்குன்னு தெரிஞ்சு வச்ச கணக்கு அது. இப்ப எங்களுக்கு புத்தி சொல்றவங்க யாரும் பைய பாக்கறதில்ல, நூறையே கேக்குறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம பக்கத்துல தன்முனைப்புக் கூட்டம், பெண்கள் பயிலரங்குன்னு போடுறவங்க ஏன் எப்பவும் ஞாயித்துக்கிழமை காலைல மண்டபத்துல போடுறாங்க? வாரத்துத் துணி மொத்தமும் நான் தொவைக்கிற நேரம் அது. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு போனா அங்க மூஞ்ச சுளிக்கிறாங்க. தோட்டத்துல ஆயாக்கொட்டகை இருந்துச்சு, எங்கம்மா என்னை அங்க விட்டுட்டுதான் வெட்டுக்குப் போனாங்க. தாமான்ல (டவுன் குடியிருப்புல) வீடு வாங்கி வந்தப்புறம் அது இல்ல. பிள்ளைங்களுக்கு டியூஷன் நடக்கற அதே நேரத்துல, அதே எடத்துல பக்கத்து ரூம்ல அம்மாங்களுக்கு ஒரு மணி நேரம் வச்சா என்ன, நாங்கதான் எப்படியும் வெளிய காத்துக்கிட்டு கெடக்கறோமே. கோயில், சங்கம் நடத்துறவங்க யாராவது இதப் படிச்சா யோசிங்க.

லைசன் என்னாச்சுன்னு கேப்பீங்க. எல் (பழகறதுக்கான லைசன்) எடுத்தாச்சு, பார்க்கிங் நல்லா வருது, ஆனா போன மாசம் டெஸ்ட்ல புக்கிட்ல (மேடு ஏத்தறதுல) கோட்டை விட்டேன். மேட்டுல மஞ்சக் கோட்டுல நிறுத்தி ஹேண்ட்பிரேக் இழுத்து, கிளட்ச மெதுவா விட்டா காடியோட மூக்கு லேசா எழும்பும், அப்பதான் ஹேண்ட்பிரேக்க எறக்கணும். எனக்கு மூக்கு எழும்பறதுக்கு முந்தியே கை எறக்கிருச்சு, காடி பின்னால உருண்டு இஞ்சின் செத்துப் போச்சு. ஆட்டோ லைசன் எடுத்துக்க வேண்டியதுதானேன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா வீட்டுல நிக்கிற கன்சில் மேனுவல், ஆட்டோ லைசன வச்சுக்கிட்டு நான் அத என்ன பண்றது?

அடுத்த வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட், லீவு போட்டாச்சு. தினம் ராத்திரி பாத்திரம் வெளக்கி முடிச்சதும் போர்ச்ல கன்சில்ல ஏறி உக்காந்து, இஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம, கிளட்ச், மூக்கு, ஹேண்ட்பிரேக்னு பத்து தடவ போட்டுப் பாக்கறேன். சின்னவன் பின் சீட்டுல ஏறிக்கிட்டு "ம்மா பின்னால போகுது, பின்னால போகுது"ன்னு கத்தறான். காடி நின்ன எடத்துலயேதான் நிக்குது.

இப்படிக்கு,
மூணு பிள்ளைங்களோட அம்மா,
சுங்கை சிப்புட், பேராக்