சானல்கரையைச் சைக்கிளுக்கு விடுங்கள்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத்துறை கோதையாறு வடிநிலக் கோட்டப் பொறியாளர்களுக்கும், வனத்துறையினருக்கும், சானல்கரை ஊர்களின் ஊராட்சிகளுக்கும், பாசனச் சபையினருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே மார்த்தாண்டம் போனாலும் கிழக்கே ஆரல்வாய்மொழி போனாலும், கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் சைக்கிள்காரரின் தோளை உரசிக்கொண்டு போகின்றன. அந்த ரோட்டு ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு கோடு போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வெள்ளைக் கோடு லாரியை நிறுத்தாது. ஏற்கெனவே இருக்கிற சானல்கரைகளையும் (பாசனக் கால்வாயின் கரைகளை), குளத்தங்கரைகளையும்தான் கேட்கிறோம். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், தார் போட வேண்டாம். கரைமேல் காரும் டெம்போவும் டிப்பரும் ஏறாமல் தடுத்து, மேல்மண்ணைச் சரளையாகவே வைத்துப் பராமரித்தால் போதும்.

சானல்கரையை நாங்கள் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் மேடேறாது. பேச்சிப்பாறையில் 1906-ல் அணை கட்டி முடிப்பதற்கு முன்பிருந்தே, நம் மாவட்டத்தின் பாசனம் மேட்டைச் சுற்றிச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத சரிவில் இறங்கி வருகிறது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார் எல்லாமே அப்படித்தான். கல்குளம் பக்கம் ரோட்டில் போனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஏற்றமும் ஓர் இறக்கமும் மாறி மாறி வரும். அதே ஊர்களைத் தொட்டுப் போகும் சானலின் கரையிலோ, கியர் இல்லாத சைக்கிளில் ஒரு பள்ளிப்பிள்ளை மூச்சு வாங்காமல் போகலாம். பள்ளத்தாக்கு குறுக்கே வந்தபோதுகூடத் தண்ணீரை இறக்கி ஏற்ற முடியாது என்பதால்தான் மாத்தூரில் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டினார்கள். மலையடிவாரத்தில் இவ்வளவு சமமான வழியை இனி யாராலும் புதிதாகப் போட முடியாது. நிழலும் அங்கேயே இருக்கிறது: மேற்கே ரப்பர், நடுவே தென்னை, கிழக்கே பனை.

காட்டுக்குள் வழி கேட்கவில்லை என்பதையும் வனத்துறைக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கீரிப்பாறை, காளிகேசம் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே சைக்கிள் கூட்டம் போகக் கூடாது என்பதே எங்கள் கருத்தும்.

இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரை கெடுவதும் நிற்பதும் அதில்தான்.

சானல் தூர்வாரும்போது ஹிட்டாச்சி அள்ளும் சேற்றை அப்படியே கரைமேல் கொட்டிப் பரப்பிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் முதலில் நிற்க வேண்டும். அந்தச் சேறு ஏப்ரல் வெயிலில் இயந்திரத்தின் தடம் பதிந்தபடியே செங்கல்லாக இறுகும். சக்கரம் அந்த வரப்புகளுக்குள் விழுந்தால் திருப்ப முடியாது. ஜூன் மழையில் அதே மண் களியாகி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி, சக்கரத்தை உருளவிடாமல் பிடித்து நிறுத்திவிடும். வண்டல் வயலுக்குப் போகட்டும். கரைக்கு வேண்டியது செம்மண் கலந்த சரளை. கல் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது; அதைப் பிடித்து வைக்கப் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் களி இருக்க வேண்டும். களி குறைந்தால் கல் சிதறும், கூடினால் வழுக்கும். லோடு வந்ததும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண்ணும் பாதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் கல், நடுவில் மணல், மேலே களி என்று படிந்துவிடும். மேல் அடுக்கின் கனத்தைப் பார்த்தாலே இந்த லோடு தேறுமா தேறாதா என்று தெரியும்.

ஒன்றரை மீட்டர் அகலம், இறுகிய பின் 10 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு இறுகிய கணக்கில் 150 கன மீட்டர் வேண்டும். உதிரியாக வரும்போது அது ஏறக்குறைய 200 கன மீட்டர், அதாவது 70 யூனிட். பரப்பியதும் தண்ணீர் தெளித்து, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியானால் ஈரம் போதாது, அப்பமாகச் சப்பினால் ஈரம் மிஞ்சிவிட்டது. இந்தப் பக்குவத்தில் மட்டுமே உருட்ட வேண்டும். காய்ந்த மண்ணில் எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. ரோலரும் சின்னதாக, ஒன்று ஒன்றரை டன் வைப்ரேட்டராக இருக்கட்டும். பெரிய ரோடு ரோலர் சானலின் பழைய கல்கட்டைத் தள்ளிவிடும். கட்டிலிருந்து அரை மீட்டருக்குள் வரும்போது வைப்ரேட்டரை நிறுத்திவிட வேண்டும்.

சாய்வு வயல் பக்கமாக இருக்க வேண்டும், ஒன்றரை மீட்டருக்கு 6 சென்டிமீட்டர். சானல் பக்கம் சாய்த்தால் மழைநீர் உள்கரையை அரிக்கும். ஓட்டுகிறவரையும் தண்ணீர்ப் பக்கமாகவே இழுக்கும். வெளிச்சரிவில் அருகம்புல் இருந்தால் அந்தப் பக்கம் அரிக்காது. களைக்கொல்லி அடித்து அந்தப் புல்லைக் கருக்கிவிடாதீர்கள். முள் வெட்டுவதிலும் ஒரு வேண்டுகோள்: சீமைக்கருவேலை வெட்டியதும் கிளைகளை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். வெட்டிய இடத்திலேயே போட்டால் இலை உதிர்ந்து முள் மட்டும் சரளைக்குள் புதைந்து கிடக்கும், அடுத்த ஓராண்டுக்குப் பஞ்சர்தான்.

பேவர் பிளாக்கும் கான்கிரீட்டும் வேண்டவே வேண்டாம். கரை மண்ணால் ஆனது, ஆண்டுதோறும் கொஞ்சம் இறங்கும். மண் இறங்கும்போது பிளாக் ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் நிழல் விழும் கான்கிரீட் பாசி பிடித்துச் சறுக்கும். சரளையில் குழி விழுந்தால் ஒரு மம்பட்டியும் இரண்டு சட்டி மண்ணும் போதும். உடைந்த கான்கிரீட்டுக்கு டெண்டர் வரக் காத்திருக்க வேண்டும்.

மடையும் சிறுபாலமும் வரும் இடங்களில்தான் விபத்து அதிகம். மண் இறங்கி, கான்கிரீட் பலகையின் விளிம்பு 5 சென்டிமீட்டர் துருத்தி நிற்கும். அதில் மோதினால் ட்யூப் ரிம்முக்கும் விளிம்புக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். பலகையின் இருபுறமும் ஒரு மீட்டர் நீளத்துக்கு, சரளையில் பத்துக்கு ஒன்று சிமென்ட் கலந்து சாய்தளமாக இழைத்துவிட்டால் தீர்ந்தது. ஷட்டர் பக்கத்துக் கம்பி மூடிகளில் கம்பிகள் பாதைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

வண்டிகளைத் தடுப்பதற்கு நுழைவில் மூன்று கல்தூண் நட்டால் போதும். தூணுக்கும் தூணுக்கும் இடையே 1.2 மீட்டர் இருக்கட்டும். ஆட்டோவின் அகலம் 1.3 மீட்டர், அதுவே நுழையாது, காரைச் சொல்ல வேண்டியதில்லை. புல்லுக்கட்டு வைத்த சைக்கிளும் சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும். வளைந்து நுழையும் இரும்புக் கேட் போடாதீர்கள். வாழைக்குலை கட்டிய சைக்கிள் அதில் சிக்கிக்கொள்ளும். தூணை ரோட்டு விளிம்பிலிருந்து 5 மீட்டர் உள்ளே நடுங்கள், இறங்கி நிற்க இடம் இருக்கும். இருட்டில் தூணில் மோதுகிறவர்கள் உண்டு. வெள்ளை அடித்து, ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். மோட்டார் பைக்கைத் தூண் தடுக்காது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். சைக்கிள் போகிற இடைவெளியில் பைக்கும் போகும். கரைக்கு அப்பால் வயலும் வீடும் உள்ளவர்களின் பைக் போகட்டும். மற்றவர்களுக்கு அறிவிப்பும் அபராதமும்தான் வழி.

நடுத்தூண் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். பூட்டின் சாவி ஒன்று பிரிவு அலுவலகத்திலும், ஒன்று ஊராட்சியிலும், ஒன்று பாசனச் சபையிடமும் இருக்கட்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகங்களின் அறுப்புக் காலங்களில் அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றும் டிராக்டரும் கரைவழியாகத்தான் வயலுக்கு இறங்க வேண்டும். விவசாயிக்குத் தடையாகிற எந்தப் பாதையும் எங்களுக்கு வேண்டாம். அந்த நாட்களில் சைக்கிள்தான் ஒதுங்க வேண்டும். படித்துறைகளிலும் அப்படியே: பெண்கள் குளிக்கும் நேரத்தில் இறங்கித் தள்ளிப் போவது, அல்லது வயல் பக்கமாகச் சுற்றிப் போவது என்று பலகையில் எழுதி வையுங்கள்.

குளத்தங்கரைக்கு வேறு கணக்கு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அங்கே மண் கொட்டவோ உருட்டவோ வேண்டாம். இருக்கிற கரை இருக்கிறபடியே போதும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில் விளக்கும் ஒலிபெருக்கியும் கூடாது, ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போகக் கூடாது, கூழைக்கடாவும் நாரையும் அடையும் மரங்களின் அருகே நிற்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை நீங்கள் விதிக்க வேண்டும் என்று நாங்களே கேட்கிறோம். சைக்கிள் சத்தம் போடாது என்பது உண்மைதான். ஆனால் கரையில் நின்று கைநீட்டிப் பேசும் மனிதரைப் பார்த்தே பறவை எழும்பிவிடும்.

மழைக்கு ஒரு எளிய விதி: குதிகால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பதிந்தால் அன்றைக்குக் கரை மூடல். ஈரக் கரையில் விழும் ஒரு சக்கரத் தடமே அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். மறுகால் பாயும்போது குறுக்கே கயிறு கட்ட வேண்டும். அரை கிலோமீட்டருக்கு ஒரு எண் கல் நடுங்கள். விழுந்தவருக்காக 108-ஐ அழைக்கிறவர் இடத்தைச் சொல்ல வேண்டுமே. கரை இரண்டு மீட்டருக்கும் குறைவான இடங்களில் “இறங்கித் தள்ளவும்” என்று எழுதினால் போதும், கம்பிவேலி வேண்டாம்.

இது விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கான கோரிக்கை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டில் கிராவல் சைக்கிள் என்று விற்கிற வண்டிகளின் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர். நம் பால்காரரும் வயலுக்குப் போகிறவரும் வைத்திருக்கும் பெரிய கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ அங்குல டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான். காற்றை மட்டும் கவனித்தால் போதும்: 70 கிலோ ஆளுக்கு முன்னால் 35, பின்னால் 40 பி.எஸ்.ஐ. கடையில் 60-க்கு மேல் ஏற்றிவிட்டால் சரளையில் துள்ளி, பிரேக் பிடிக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள் இன்று பல வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. லாரிக்குப் பயந்து பெற்றோர் அதை ரோட்டுக்கு விடுவதில்லை. அந்தப் பிள்ளைகள் ஓட்ட ஒரு கரை வேண்டும்.

எடுத்த எடுப்பில் மாவட்டம் முழுக்கச் செய்ய வேண்டாம். அனந்தனார் சானலில் 5 கிலோமீட்டர், அது ஒன்றே போதும். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கும் தண்ணீர் பிப்ரவரி கடைசியில் அடைபடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் கரையில் கை வைக்க முடியும். மே மாதக் கோடைமழை தொடங்கினால் மண் உருட்டப் பக்குவப்படாது. அடைப்பு விழுந்த முதல் வாரத்தில், ஐம்பது மீட்டருக்கு ஒரு இடமாகக் கரையின் அகலத்தை அளக்க நாடாவும் நோட்டுமாக நாங்கள் வருகிறோம். உங்கள் பிரிவு அலுவலர் எந்த மடையில், எத்தனை மணிக்கு நிற்பார் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டச் சானல்கரைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் சைக்கிள் பழுது பார்க்கிறவர்களும்