கைநாட்டுக்கு முன் படித்துக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிச்சாவரம் கழிமுகத்தில் பறியை (இறால் போடும் ஓலைக் கூடையை) பல்லில் கடித்தபடி, இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்களுடன் நெடுநாளாகப் பழகி வருகிறேன். அவர்களில் ஒருவர், பிரசவ வலியில் துடித்த நேரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைப் படிவத்தில் யாரும் எதையும் படித்துச் சொல்லாமலேயே தம்மிடம் கைநாட்டு வாங்கியதை, மை பட்ட பெருவிரலைத் தேய்த்துக் காட்டியபடி என்னிடம் கூறினார்.

விளங்கிக்கொண்டு அளிக்கும் ஒப்புதலின் அவசியத்தை உச்ச நீதிமன்றம் 2016-இல், கருத்தடை அறுவைச் சிகிச்சை முகாம்கள் தொடர்பான தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் வலியுறுத்தியது. இந்தியா ஆதரித்து வாக்களித்த பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனமோ, நலவாழ்வுத் திட்டங்களை வகுப்பதிலேயே பழங்குடியினருக்குப் பங்கு உண்டு என்கிறது. எனவே காப்பர்-டி (கருப்பையில் பொருத்தும் கருத்தடைச் சாதனம்) உள்ளிட்ட மாற்றுவழிகளைக் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே, அவர்கள் குடியிருப்பைச் சேர்ந்த பெண் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு விளக்குமாறு மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிள்ளை, கடலூர் மாவட்டம்.