தெருவுக்குத் தெரு சாமி: தோக்கியோவிலிருந்து பெரியம்மாவுக்கு

தோக்கியோ, நவம்பர் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் பெரியப்பாவும் அக்காவும் நலம்தானே? அந்த ஊரில் கையெடுத்துக் கும்பிட ஒரு கோயிலாவது இருக்கிறதா என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் நீண்டுகொண்டே போகும், அதனால்தான் இந்தக் கடிதம். கோயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஜின்ஜா என்பார்கள், ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் கோயில்; நாடு முழுக்கச் சுமார் 80,000 இருக்கிறது. முழுநேரப் பூசாரிகள் அந்த அளவுக்கு இல்லை, ஒருவரே பல கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார்.

நான் குடியிருக்கும் மொன்ஸென்-நகாச்சோவில் தோமியோகா ஹச்சிமான் கோயில் இருக்கிறது, 1627இல் உண்டானது. காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வாசலில் இருக்கும் தோரீ வளைவுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, தலை குனிந்துவிட்டுப் போகிறார்கள். நேரம் இருப்பவர்கள் உள்ளே வந்து மரக்கரண்டியால் தண்ணீர் மொண்டு முதலில் இடது கை, அப்புறம் வலது கை, அப்புறம் வாய் என்று கழுவிக்கொண்டு, உண்டியலில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, இன்னொரு முறை குனிவார்கள். அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அர்ச்சனை கிடையாது, விபூதி குங்குமம் கிடையாது, பார்க்க விக்கிரகமும் கிடையாது. சாமி குடியிருக்கும் பொருள், பெரும்பாலும் ஒரு கண்ணாடி, மூடிய கதவுக்குள் இருக்கும், அதைப் பூசாரிகூடப் பார்ப்பதில்லை. முதலில் எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று. இப்போது பழகிவிட்டது.

இந்த மாதம் குழந்தைகளுக்கான மாதம். பெண் குழந்தைக்கு 3, 7 வயதிலும் பையனுக்கு 5 வயதிலும் கோயிலுக்குக் கூட்டிவந்து பூஜை செய்வார்கள், நாள் நவம்பர் 15. போன ஞாயிறு நான் போனபோது ஒரு மூன்று வயசுக்காரி சிவப்புக் கிமோனோவில், கொக்கும் ஆமையும் போட்ட நீளப் பையைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். பைக்குள் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று கொடுக்கிற குச்சி மிட்டாய். போட்டோக்காரர் நிற்கச் சொல்கிறார், இவள் மிட்டாயைப் பிரித்தால்தான் நிற்பேன் என்கிறாள். கடைசியில் ஜெயித்தது அவள்தான். பாட்டி கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிமோனோவில் ஒட்டிவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. நமக்குக் குலசாமி சாஸ்தா, எங்கே போனாலும் அதே சாஸ்தாதான், பங்குனி உத்திரத்துக்கு மும்பையிலிருந்துகூட ரயிலேறி வருகிறார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் வம்சத்துக்கு ஒரு சாமி இருந்திருக்கிறது, காலப்போக்கில் அது அந்தந்த இடத்துக்கான சாமியாக ஆகிவிட்டது. வீடு மாறினால் உங்களைப் பார்த்துக்கொள்கிற சாமியும் மாறும். இந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கிற நானும், கேட்காமலேயே, ஹச்சிமான் சாமியின் கணக்கில் சேர்ந்துவிட்டேன்!

ஆபீஸில் யாரிடமாவது உங்கள் மதம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். அதே ஆள் புத்தாண்டுக்குக் குடும்பத்தோடு வரிசையில் நிற்பார், புதுக் கார் வாங்கினால் பூசாரியிடம் கொண்டுபோவார், வீடு கட்டும்முன் மனையில் நாலு மூங்கில் நட்டு, கயிறு கட்டிப் பூமி பூஜை போடுவார். இந்தப் பூமி பூஜை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது, தெரியுமா? 1965இல் த்சு நகராட்சி ஒரு உடற்பயிற்சிக்கூடம் கட்டப் பூஜை போட்டு, பொதுப்பணத்தில் 7,663 யென் செலவழித்துவிட்டது. அரசு எப்படி மதச் சடங்குக்குக் காசு கொடுக்கலாம் என்று ஒருவர் வழக்குப் போட, 1977இல் இது நாட்டு வழக்கம்தான், தப்பில்லை என்று தீர்ப்பானது. நீதிபதிகளில் ஐந்து பேர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அரசாங்கமே கோயில்களைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரவர்த்தியைச் சாமியாக்கி ஆட்டம் போட்ட நாடு இது, அதனால் அந்த ஐந்து பேரின் பயத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, அவர்கள் கவலை முழுக்கத் திருவிழாதான்.

திருவிழா என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆகஸ்ட் நடுவில். 2020இல் வர வேண்டியது கொரோனாவால் நின்று 2023இல் நடந்தது. ஒவ்வொரு தெருச் சங்கத்துக்கும் ஒரு மிகோஷி, அதாவது சாமி ஏறி வரும் பல்லக்கு. ஐம்பதுக்கும் மேலே வரிசையாக வரும், கூட்டம் ‘வஷ்ஷோய், வஷ்ஷோய்’ என்று கத்தும். தெருவில் நிற்கிறவர்கள் தூக்குகிறவர்கள் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், தீயணைப்புக் குழாயும் வரும், லாரியில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி நிறுத்தியிருப்பார்கள். ஆகஸ்ட் வெயிலுக்கு அது பெரிய புண்ணியம். நான் ஊற்றுகிற கட்சி, பக்கத்து மீன்கடைக்கார அம்மா எனக்கு வாளி கொடுத்தார். ஊர்வலம் எய்தாய் பாலத்தைத் தாண்டித்தான் வரும். 1807இல் இதே திருவிழாக் கூட்டம் தாங்காமல் அன்றைய மரப்பாலம் இடிந்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். இப்போது இருப்பது இரும்புப் பாலம், இருந்தாலும் எனக்கு அங்கே நிற்க மனசு வரவில்லை. கோயிலில் 4.5 டன்னில் வைரம் பதித்த தங்கப் பல்லக்கும் இருக்கிறது, கனம் தாங்காது என்று கூண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ நாலு பேர் தோளில் ஏறாத பல்லக்கு பல்லக்கே இல்லை.

செலவுக்குத் தெருச் சங்கம் வசூல் செய்து, கொடுத்தவர் பெயரையெல்லாம் பலகையில் வரிசையாக ஒட்டிவிடும், நம்மூரில் ட்யூப்லைட் வெளிச்சத்தை மறைத்து உபயதாரர் பெயர் எழுதுகிற மாதிரி. என் பெயரையும் ஜப்பான் எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். 2026 ஆகஸ்டில் நீயும் வந்து தோள் கொடு என்று சங்கத் தலைவர் சொல்லியிருக்கிறார், தெருச் சங்கத்தின் குட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டால்தான் ஊர்வலத்துக்குள் விடுவார்கள். பெரியப்பாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

ஒன்று மட்டும் உங்களுக்கு விளக்கவே வேண்டாம்: தீட்டு. வீட்டில் சாவு விழுந்தால் 50 நாள் வரை ஜின்ஜா பக்கம் போவதில்லை, வீட்டிலுள்ள சாமி மாடத்தை வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். காரியமெல்லாம் புத்த கோயிலில்.

கடைசியாக, அக்காவுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிஹோன்பாஷியில் சுய்தென்கூ என்று ஒரு கோயில், பிள்ளைத்தாச்சிகளுக்கானது. அங்கே சாமியாக இருப்பவர்களில் ஒருவர் 1185இல் கடற்போரில் பாட்டியோடு மூழ்கிப்போன ஆறு வயதுச் சக்கரவர்த்தி. அநியாயமாகச் செத்த பிள்ளை சாமியானது நம் பக்கத்துக்குப் புதுசா என்ன? நாய்க்குப் பிரசவம் சுலபம் என்று, பஞ்சாங்கத்தில் நாய்க்குரிய நாளில் கூட்டம் அலைமோதும். வாசலில் குட்டியோடு ஒரு வெண்கல நாய் உட்கார்ந்திருக்கிறது, தடவித் தடவிப் பளபளவென்று இருக்கிறது. அங்கே வாங்கிய சின்னத் துணிப்பைதான் பார்சலில் இருப்பது. அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அக்கா கட்டாயம் பிரிப்பாள், நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்ததும் கோயிலில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். நான் சித்திரையில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். கூடவே இருக்கிற பச்சைத் தேயிலை பெரியப்பாவுக்கு, பால் ஊற்றாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெரியப்பாவின் தம்பி மகன்